விமானத்தில் வந்த மருந்து

ஆஸ்பத்திரிச் சீட்டில் இப்படி இருக்கிறது: "சேர்ந்த நாள் 9-7-1962. டெட்டனஸ்." (காயத்தின் வழியே கிருமி நுழைந்து தசைகளை விறைக்கச் செய்யும் நோய், இசிவு என்பார்கள்.)

நோய் அதற்கு முந்தைய நாளே தொடங்கிவிட்டது. காலையில் இட்லியை வாய்க்குக் கொண்டுபோனேன், வாய் திறக்கவில்லை. பல்வலி என்று கிராம்பை அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். தங்கச் சுரங்கத்து மரக்கிடங்கில் காலில் ஆணி குத்தியதை மறந்தே போயிருந்தேன். காயம்பட்ட பின் தாடை இறுகினால், தயவுசெய்து கிராம்பைத் தேடாதீர்கள்.

என்னை இருட்டறையில் கிடத்தி, காதில் பஞ்சு அடைத்தார்கள். வெளிச்சமோ ஓசையோ பட்டால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். ஷிஃப்ட் சங்கு ஊதும்போதெல்லாம் பற்கள் நெரிந்தன. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. இந்த நோயின் கொடுமை அதுதான்.

டாக்டர் என் மனைவி சரோஜாவிடம் சொன்னது பஞ்சையும் மீறிக் கதவுக்கு இப்பால் கேட்டது.

"நஞ்சுமுறி மருந்து இங்கே தீர்ந்துபோச்சும்மா. பெங்களூர்லயும் இல்லை. மெட்ராஸ்ல இருந்து பிளேன்ல வருது. அதுவரைக்கும் இவர் மூச்சு தாங்கணும்."

"தங்கம் ஏத்தினு போற பிளேனா டாக்டரய்யா?"

"இந்தத் தடவை இறக்கிட்டுப் போகும்."

மதியம் அந்த விமானத்தின் இரைச்சல் கூரைக்கு மேலே கேட்டது. என்னைக் காப்பாற்ற வந்த அந்த ஓசைக்கே என் முதுகு வில்லாக வளைந்தது. மூச்சு நின்று, மறுபடி வந்தது.

ஓடுதளத்தில் நடந்ததைச் சரோஜா பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மருந்தை வாங்கப் போனவன் அவள் தம்பி முனுசாமி, சுரங்கக் குழியான ஷாஃப்டில் இறங்கி வேலை செய்பவன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருபவர்கள், காவலரைக் கண்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் தூக்கி நிற்க வேண்டும். யாரும் தங்கம் கொண்டுபோகிறார்களா என்று பார்க்கும் சோதனை அது. ஓடுதள வாசலில் காக்கி உடையைப் பார்த்ததும், பனிக்கட்டி அடைத்த மருந்துப் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கிவிட்டான் முனுசாமி.

"இன்னாய்யா இது? உன்னை யாரு நிக்கச் சொன்னது? எடுத்துனு ஓடு!"

"பொட்டியத் தொறந்து பாக்கலியா சார்?"

"உங்க மாமன் பொழச்சி வரட்டும், அந்தாளையே தொறந்து பாத்துக்கிறேன். ஓடுய்யா!"

ஓடினான். ஊசி போட்டார்கள். இசிவு உடனே நிற்கவில்லை. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இருந்த அமைதி நாளுக்கு நாள் நீண்டது. குணமாவது என்பது அந்த இடைவெளி வளர்வதுதான் என்று அங்கே கிடந்தபடி கற்றுக்கொண்டேன். முதலில் கரண்டிக் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடை.

இப்போது கொட்டாவி வந்தால் அடக்குவதில்லை. முழுதாக, ஆசையாக விடுகிறேன். யாரும் பேசாத ஒரு பிற்பகல் நீண்டுகொண்டே போனால் எனக்கு மகிழ்ச்சி. நேரத்தை விரட்டும் பழக்கமும் போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பெட்டியில் இரண்டு பேருக்குப் போதுமான மருந்து வந்திருந்தது. மீதியை, பூதிகோட்டையில் பிரசவத்துக்குப் பின் இதே நோய் கண்ட ஒரு பெண்ணுக்கு ஜீப்பில் அனுப்பினார்களாம். பூதிகோட்டைக்கு இருமுறை போய் விசாரித்தேன். பிழைத்துத் தாய்வீடு போய்விட்டாள் என்றார் ஒருவர். அப்படி யாருமே இங்கில்லை என்றார் இன்னொருவர். அந்தப் பெண் பிழைத்தாளா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.