மச்சாள் வாயில் வராத "பரவாயில்லை"

என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள், சாவகச்சேரியில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறாள். பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறவள். பயிற்சியில் ஒருவர் ஒரு சுரம் தவறினாலும் எல்லோரையும் நிறுத்திவிட்டு, "திருப்பிப் பாடுவம்" என்பாள். கத்தமாட்டாள், முகத்தைச் சுளிக்கவும் மாட்டாள். எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். கத்தினாலாவது பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை கொடுக்கலாம்!

பிழை பொறுக்காத ஆள்தான் நானும். மேசைவிரிப்பு கோணலாகக் கிடந்தால் என் சத்தத்தில் வீடே அதிரும். ஆனால் என் கண்ணில் குத்துவது மற்றவர்களுடைய பிழை மட்டுந்தான். அவளோ தன் பிழையை முதலில் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவர் பிழைக்கு வருவாள். இரண்டும் ஒரே குணம் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன்.

கரோல் ஆராதனையில் முதல் பாட்டின் முதல் சரணத்தை என் கணவர்தான் தனியாகப் பாடுவார். போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை சோர்ந்துபோனது, பேச்சும் தடக்குப்பட்டது. ஆனாலும் நத்தார்ப் பண்டிகை கிட்டவர, "நான்... பாட வேணும்" என்றார். சபை நடுவில் சொல் வராமல் நின்றால் மனிதர் உடைந்துபோவாரே! மச்சாளிடம் ஓடினேன்.

"உவரை இந்த முறை விட்டிடும். பாட வேறை ஆரையாவது போடும்."

"அண்ணைதான் பாடுவார், மச்சாள்," என்றாள். அவ்வளவுதான்.

பள்ளி விட்டதும் தினமும் வீட்டுக்கு வந்தாள். அவர் கரண்டியைப் பிடித்தாலே வருகிறவர்கள் எல்லாரும் "திறம், திறம்" என்று கொண்டாடிய காலம் அது. நானுந்தான். இவளோ, "இன்னும் வரேல்லை அண்ணை. திருப்பிப் பாடுங்கோ" என்றாள். குசினிக்குள் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தேன். பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்த்தால், மனிதர் முதுகை நிமிர்த்திக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பாடிக்கொண்டிருக்கிறார்! நாங்கள் எல்லோரும் அவரிடம் ஒன்றுமே எதிர்பார்க்காமல் விட்டிருந்தோம். அவள் ஒருத்திதான் எதிர்பார்த்தாள். அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

ஆராதனையன்று இரண்டாம் வரியில் சொல் தடக்கியது. கடவுளே! முன்னால் இருந்த வாங்கின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மச்சாள் கையை உயர்த்த, ஓர்கன் நின்றது. அவசரமே இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெல்லச் சொல் வந்தது, அவள் கை இறங்கியது, அவர் சரணத்தை முழுதாகப் பாடி முடித்தார்.

வெளியே சனம் அவரைச் சூழ்ந்துகொண்டு பாராட்டியது. அவர் கண் தங்கையைத்தான் தேடியது. அவளும் வந்தாள்.

"ரெண்டாம் வரியிலை பிந்திப்போச்சு அண்ணை. நானும் கையை முந்தி இறக்கிப்போட்டன். வாற வருசம் சரியாக்குவம்."

"ஓம்... சரியாக்குவம்," என்று தலையாட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குப் பாரிசவாதம் வந்த நாள் முதல் டொக்டரோ, பிள்ளைகளோ, நானோ, ஒருவருமே அவரிடம் அடுத்த வருடத்தைப் பற்றிக் கதைத்ததில்லை.