பூதக்கல்லின் கீழே

டீசல் புகையும் வெட்டின தேசிக்காயும் ஒன்றாக மணக்கிற இடத்தில் என்னால் இன்றைக்கும் நிற்க முடியாது. நான் புளியங்குளத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கடைக்கு முன்னால் யாராவது புது வாகனத்தின் சில்லுக்குத் தேசிக்காய் வைத்து நசுக்கி ஓட்டினால், நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். மற்றவர்களுக்கு அது நல்ல காரியத்தின் மணம். எனக்கு அது என் அத்தானின் மணம். அத்தான் என்றால் என் அக்காவின் புருசன். அவரை ‘அவர்’ என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதையால் அல்ல, வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் காணி ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, காட்டு ஓரத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த அப்பா வெட்டித் திருத்திய காணி. அதன் மேட்டில் அந்தக் கல் அப்பாவுக்கு முன்பே நின்றது. மூன்று பலகைக் கற்களை நட்டு, அவற்றின் மேல் மாட்டுவண்டி அகலத்தில் ஒரு தட்டைக்கல்லை ஏற்றி வைத்திருந்தார்கள். நாலாவது பக்கம் திறந்து கிடந்தது. பூதங்கள் தூக்கி வைத்தது என்று சொல்லி ஊரில் பூதக்கல் என்பார்கள். அந்தக் காலத்து அரசன் இருந்து வழக்குக் கேட்ட இடம் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். செத்தவர்களை வைக்கக் கட்டிய கல் என்று சொன்னவர்களும் உண்டு. சிலர் சூலம் நட இடம் பார்த்தார்கள். வேறு சிலர் வந்து, இது தங்கள் சமயத்தாருடையது என்று நாடா பிடித்து அளந்துகொண்டு போனார்கள். அம்மா ஒருவருடனும் வாதாடவில்லை. அம்மாவுக்கு அது மிளகாய்ப்பழம் காயப்போடுகிற கல். வேறு எங்கே காயப்போட்டாலும் கோழி கிளறிவிடும். சண்டை நெருங்கி ஷெல் விழத் தொடங்கியபோது நாங்கள் எல்லோரும் அதன் கீழேதான் ஊர்ந்து போய்க் கிடந்தோம். அந்த மட்டில், அதை யார் எதற்காகக் கட்டினாலும் நன்றாகவே கட்டியிருந்தார்கள்.

அங்கே கிடந்த நாட்களில்தான் அக்காவின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஓடப் பழகி, ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்கிற வயது அவளுக்கு. ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்து எங்கேயோ போயிருந்தது. பாதையும் இல்லை. பிள்ளை அக்காவின் மடியிலேயே போய்விட்டாள். சின்னப்பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் வழக்கம். சுடலைக்குக் கொண்டுபோக முடியாததால் பூதக்கல்லின் கிழக்குப் பக்கத்தில், அதை ஒட்டியே புதைத்தோம். குழி வெட்டியவர் அத்தான். ஷெல் கூவுகிற சத்தத்துக்குக்கூடக் குனியாமல், அழுதபடியே வெட்டினார். நரி கிண்டிவிடும் என்று வாய்க்கால் வரை போய்க் கல் பொறுக்கி, உடுத்துகிற சாரத்தில் கட்டிச் சுமந்து வந்து மேலே அடுக்கியவரும் அவர்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. இதைச் சொல்லாவிட்டால் அவர் பிறகு செய்தது எவ்வளவு கேவலம் என்பது விளங்காது.

சண்டை முடிந்து, எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து அப்பாவும் அம்மாவும் இல்லாமல், நாங்கள் மூன்று பேர்தான் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை, சுவரும் பாதிதான். அக்கா வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டுக்கு ஓடினாள். பூதக்கல் அப்படியே நின்றது. கிழக்குப் பக்கத்தில் வளர்ந்திருந்த பற்றைக்குள் கையை விட்டுத் துழாவி, அடுக்கிய கற்களும் கலையாமல் இருப்பதைக் கண்ட பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஒரு விளக்கு எரியும். அவளிடம் பிள்ளையின் படம் ஒன்றுகூட இல்லை, போட்ட சட்டை ஒன்றுகூட இல்லை. அந்த இடம்தான் இருந்தது.

அத்தானுக்குப் பெக்கோ ஓட்டுகிற வேலை கிடைத்தது. மண் அள்ளுகிற அந்த இயந்திரத்தில் அவர் கெட்டிக்காரர். குளக்கட்டுத் திருத்தவும் வீதி போடவும் அவரைத் தேடி வருவார்கள். அந்த வேலைக்குப் போன பிறகுதான் அவர் பூதக்கல்லை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினார். சாப்பிட்டுவிட்டு வந்து அதைச் சுற்றி நடப்பார். பலகைக்கல்லின் அடியில் கையை விட்டுப் பார்ப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, முற்றத்து மணலில் செங்கல் துண்டுகளை நட்டு வைத்து, அதை எப்படிக் கட்டினார்கள் என்று செய்தே காட்டினார்.

“பூதமுமில்லை ஒண்டுமில்லை. முதல்ல மூண்டையும் நட்டுப்போட்டு, மேல்மட்டம் வரைக்கும் மண்ணால மூடியிருக்கிறாங்கள். பிறகு ஒரு பக்கம் சரிவாய் மண்ணைக் குவிச்சு, தட்டைக்கல்லை உருளைக்கட்டையில வைச்சு மேலை இழுத்திருக்கிறாங்கள். கல் இருந்த பிறகு மண்ணை வழிச்சு எடுத்தா, வேலை முடிஞ்சுது.”

ஓட்டுத்துண்டு ஒன்றைச் சரிவில் இழுத்து ஏற்றி, மணலை விரலால் வழித்து எடுத்தார். சின்னப் பூதக்கல் ஒன்று முற்றத்தில் நின்றது. எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது. அளந்துகொண்டு போனவர்கள் ஒருவருக்கும் தோன்றாத விசயம் அது. மதிப்பாய்ப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அவர் குரலைத் தாழ்த்தி, “இவ்வளவு பாடும் ஒரு செத்த பிணத்துக்கெண்டே நினைக்கிறாய்? அடியில மண்ணுக்குள்ளை பொன் கிடக்குது,” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பகிடி என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அந்தக் கேள்விதான் எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பின் தொடக்கம். பொன்னாசை யாருக்குத்தான் இல்லை. ஆனால் செத்துப்போன ஒருவருக்காக மனிதர் கல் சுமப்பார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. வாய்க்காலிலிருந்து சாரத்தில் கல் சுமந்து வந்தவர் அவர். அந்த மனிதன் எங்கே போனான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அக்காவுக்குக் கண்ணில் வருத்தம். கிளினிக்குக்காக அவளை வவுனியாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கி ஒழுங்கையில் நடக்கும்போதே டீசல் புகை மணத்தது. முற்றத்தில் பெக்கோ நின்றது. மேட்டில் வெட்டின தேசிக்காய்கள் குங்குமம் பூசிக் கிடந்தன. அம்மா மிளகாய் காயப்போட்ட தட்டைக்கல் இரண்டாய்ப் பிளந்து சரிந்திருந்தது. அதன் மேல் சேவலின் இரத்தம் காய்ந்து, இலையான் மொய்த்தது. அறுத்த சேவல் எங்கள் குசினியில் வெந்துகொண்டிருந்தது. மந்திரவாதி என்று சொல்லிக்கொண்ட ஒருவன் எங்கள் கதிரையில் கால் நீட்டி இருந்தான். புதையல் எடுக்க உச்சிப்பொழுதுதான் நல்லதென்று அவன்தான் நேரம் குறித்தானாம். நாங்கள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துக் குறித்தது அத்தானாகத்தான் இருக்கும். எங்களைக் கண்டதும் அத்தான் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, “தூள் எங்கை வைச்சிருக்கிறாய்?” என்பது. சேவல் கறிக்கு.

அக்கா நேரே மேட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். குழிக்குள் உடைந்த பானை ஓடுகள் கிடந்தன, வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. துருப்பிடித்த இரும்புத் துண்டொன்று கிடந்தது. பொன் என்று குன்றிமணி அளவும் இல்லை. கிழக்குப் பக்கத்தில் நாங்கள் அடுக்கிய கற்களும் இல்லை. கிண்டிய மண் முழுவதும் ஒரே குவியலாகக் கிடந்தது. அதற்குள் எலும்புகள் தெரிந்தன.

அத்தான் பின்னால் வந்து நின்றார். அந்தப் பக்கத்தை வேண்டுமென்று தொடவில்லை, திரும்பும்போது மிசின் பட்டுவிட்டது என்றார். அக்கா அவரைப் பார்த்தாள். அத்தோடு அவர் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

“தீட்டுப் பட்டா புதையல் கீழ இறங்கிப்போடுமாம். பிள்ளையை இதில தாட்டதாலதான் கிடைக்கேல்லையாம்.”

மந்திரவாதி சொன்னதைத்தான் சொன்னார். ஆனாலும் அவர் குரலில் பிள்ளைமேல் ஒரு மனக்குறை இருந்தது. நான் கிணற்றடிக்கு ஓடிப் போய்த் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தேன்.

அக்கா தன் பழைய சீலை ஒன்றை விரித்து, குவியலுக்குப் பக்கத்தில் குந்தினாள். மண்ணைக் கையால் அரித்து அரித்து எலும்புகளை எடுத்துப் போட்டாள். சில கல்லைக் கட்டிய காலத்தவை போல மண்ணிறமாகி, தொட உதிர்ந்தன. சில சின்னவை. பிள்ளையுடையவை இவையாகத்தான் இருக்கும் என்று நான் சின்னவற்றை ஒரு பக்கம் ஒதுக்கத் தொடங்கினேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

“பிரிக்காதை. அதுவும் ஆரோ பெத்த பிள்ளைதானே.”

எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகக் கட்டினாள். குசினியில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு போனோம். எங்கே என்று எழுதமாட்டேன். ஆழமாக வெட்டி வைத்து மூடினோம். உடைந்த தட்டைக்கல்லின் துண்டொன்றை அடையாளத்துக்காகத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அக்கா அதைத் தூர எறியச் சொன்னாள்.

“கல்லைக் கண்டாத்தான் கிண்டுவாங்கள்,” என்றாள்.

அத்தான் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். அக்கா சமைக்கிறாள், அவர் சாப்பிடுகிறார். அவளால் அது எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியாது. நான் புளியங்குளத்தில் அறை எடுத்ததே அவரோடு ஒரு மேசையில் சோறு தின்ன முடியாமல்தான். லீவில் அக்காவைப் பார்க்க மட்டும் போவேன்.

போன மாதம் அப்படிப் போயிருந்தபோது பழைய கல் இடங்களைப் பற்றிப் படிக்கிற மாணவர் சிலர் பூதக்கல்லைப் பார்க்க வந்தார்கள். அத்தான் சேர்ட்டு மாற்றிக்கொண்டு வந்தார். சண்டைக்காலத்தில் ஷெல் விழுந்து கல் பிளந்தது என்று கண் சிமிட்டாமல் சொன்னார். பிறகு மண்ணைக் குவித்துக் கல் ஏற்றிய கதையைக் கையைக் காலை ஆட்டி விளக்கினார். பிள்ளைகள் அதைப் போனில் படம் பிடித்தார்கள். இதெல்லாம் எதற்காகக் கட்டியிருப்பார்கள் என்று ஒருத்தி கேட்டதற்கு, “அந்தக் காலத்து ஆக்கள் செத்தவையை எவ்வளவு மதிச்சிருக்கினம் பாருங்கோ,” என்றார்.

அந்தப் பெண் நல்ல பிள்ளை. உள்ளே எலும்பு ஏதும் இருந்ததா என்று பணிவாகக் கேட்டாள். இருந்திருந்தாலும் மழையில் கரைந்து போயிருக்கும் என்றார் அத்தான். தேத்தண்ணி கொண்டுவந்த அக்காவின் பக்கம் அவள் திரும்பினாள். தனக்கும் ஒன்றும் தெரியாது என்று அக்கா சொன்னாள்.

அவர்கள் போன பிறகு நான் அக்காவிடம் கேட்டேன். அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாமே, அவள் பக்குவமாகப் பார்த்திருப்பாளே என்றேன். அக்கா கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லியிருப்பன். இவரும் பக்கத்தில நிண்டவர். இவ்வளவு காலத்தில ஒருக்காலும், பிள்ளையை எங்கை வைச்சனி எண்டு கேக்கேல்லை. கேக்காத ஆளுக்கு ஏன் தெரியவேணும்?”