குளிரில் சாகாத பனைகள்

பிள்ளைகளே, போன வாரம் சாப்பிடும்போது சின்னவள் பாடத்தை உரக்கப் படித்தாள். பனை வகை மரங்கள் வெப்பமான சமவெளிக்கே உரியவை, மலைக்குளிரில் பிழைக்காது என்று அதில் இருந்தது. நான் சோற்றுக் கையோடு "பொய்" என்றேன். நீங்கள் மூவரும் சிரித்தீர்கள். அப்பா எட்டாவதோடு நின்றவர், புத்தகத்தோடு சண்டைக்குப் போகிறார் என்றான் பெரியவன். ஆமாம், சண்டைக்குத்தான் போகிறேன். வாயால் சொன்னால் எனக்குக் கோவையாக வராது. அதனால் எழுதுகிறேன்.

அந்த வரியைக் கேட்டதும் என் கண்முன் வந்தவை இரண்டு கைகள். முழங்கை வரை சிவந்து தடித்து, மேலே சாம்பல் பூசிய கைகள். எங்கள் தோட்டக்காரர் மாலி பாயின் கைகள் அவை. கூந்தப்பனைப் பழத்தைத் தொட்டவனுக்குத்தான் அந்த அரிப்பு தெரியும். சதையை நீக்கிக் கொட்டையை எடுப்பதற்குள் தோலை உரித்துப் போட்டுவிடலாம் போல இருக்கும். பாய் ஒரு முழு நாள் உட்கார்ந்து இரண்டு கூடைப் பழத்தைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக் கொட்டை எடுத்தார். இரவெல்லாம் தூங்கவில்லை என்று மறுநாள் சொன்னார். சொல்லிவிட்டு மூன்றாவது கூடையை இழுத்துக்கொண்டார்.

அப்போது நான் புதூர்நாட்டுப் பக்கம், மலைமேல் இருந்த பங்களாவை ஒட்டிய அரசுத் தோட்டத்தில் காவல்காரன். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் பதிவேட்டு வேலையும் என் தலையில். பாய் வாணியம்பாடியிலிருந்து வந்தவர். அங்கே ஒரு தோல் மண்டிக்காரர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கள் சூப்பிரண்டுக்குப் பங்களா வாசலில் இரண்டு பக்கமும் பனை வரிசை வேண்டும் என்று ஆசை. கீழேயிருந்து தென்னையும் பாக்கும் ஏற்றி வந்து நட்டோம். மார்கழிப் பனியில் குருத்து வரை கருகிப் போயின. மலைக்குப் பனை ஆகாது என்று அவர் கையை உதறிவிட்டார்.

பாய் உதறவில்லை. எங்கள் மலை முகட்டில், காற்று மனிதனைத் தள்ளும் இடத்தில், ஈச்சை நிற்கிறது. ஓடைச் சரிவில் கூந்தப்பனை நிற்கிறது. இவற்றுக்கு யார் போர்வை போர்த்தினார்கள் என்று கேட்டார். பிறந்தது முதல் அவற்றைப் பார்த்தவன் நான், எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. மூன்றாவதாக ஒன்றும் வைத்திருந்தார். தோல் வியாபாரத்துக்குக் கல்கத்தா போன அவருடைய மச்சான், வடக்கே பனி விழும் மலையிலிருந்து ஒரு பொட்டலம் விதை கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்தப் பனையின் அடிமரம் முழுக்கக் கம்பளி மாதிரி நார் சுற்றியிருக்குமாம். களை எடுக்கும் பெண்களுக்குக் கேலி பண்ண இது போதாதா? "மரமே கம்பளி போத்திக்கினா அந்த ஊரு ஆளுங்க இன்னா பாய் பண்ணுவாங்க?" என்றாள் அவர்களில் மூத்தவள். பாய் முகத்தைத் தூக்காமல், "மரத்தைக் கட்டிப் புடிச்சிக்கினு நிப்பாங்க" என்றார்.

மூன்று வகையையும் விதைத்தோம். மூங்கில் சீவலில் தாரால் பெயர் எழுதி ஒவ்வொரு பாத்தியிலும் நட்டது நான்தான். மாதக்கணக்கில் மண் வெறுமையாகவே கிடந்தது. அடுத்த மழையில் பச்சை ஊசிகளாக வந்தன. அந்த வருஷத்து மார்கழி வந்தது, தையும் வந்தது. பூசணிக்கொடி கருகியது, வாழை கருகியது. எங்கள் நாற்றில் ஓர் இலைகூட வாடவில்லை. பாய் பாத்தி பாத்தியாக நடந்து எண்ணிவிட்டு வந்து, என் தோளில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம்.

மாசியில் ஜீப்பில் மதுவிலக்கு அதிகாரி ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் கள் இறக்கினால் ஜெயில். ஈச்சையிலும் கூந்தப்பனையிலும் கள் இறங்கும். அரசாங்கச் செலவில் கள்ளு மரம் வளர்க்கிறீர்களா என்று அவர் கேட்டதில் சூப்பிரண்டுக்கு வேர்த்துவிட்டது. பாய் அதற்குள் பெயர்ச் சீவல்களை எல்லாம் பிடுங்கி மடியில் செருகிவிட்டார். அதிகாரி ஒரேயடியாகக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வடக்கத்திச் செடி இருந்தால் இருக்கட்டும், அதைத் தனியாகக் காட்டு, மற்றதைப் பிடுங்கு என்றார். இளம் நாற்றில் எல்லாம் கோரைப்புல் மாதிரிதான் இருக்கும், பழகாத கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. பாய் உயிராக வளர்த்தது அந்தக் கம்பளிப் பனையைத்தான். விரலை நீட்டினால் போதும், அது பிழைத்துவிடும்.

பாய் விரலை நீட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்த மலையில பொறந்தத வெட்டிட்டு வெளியூர்ல இருந்து வந்தத மட்டும் வெச்சுக்கச் சொல்றீங்க. நான் காட்ட மாட்டேங்க. மொத்தமும் ஒரே குடும்பம்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நீ இந்த மலைக்காரன்தானே, நீ சொல் என்றார். உற்றுப் பார்த்தால் கூந்தப்பனை இலை நுனி மட்டும் மீன்வால் போல லேசாகப் பிளந்திருந்தது. ஈச்சை எந்தப் பாத்தி என்பது கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் பிடுங்கு என்றார். களை எடுக்கும் பெண்களில் மூத்தவள்தான் முன்னே வந்தாள். இது கைக்கு வராதுங்க, அறுத்துடறோம் என்றாள். பெண்கள் கதிர் அரிவாளை எடுத்து மண்ணோடு மண்ணாக அறுத்தார்கள். கால் மணி நேரத்தில் பாத்தி மொட்டையாகிவிட்டது. அவர் திருப்தியாக ஜீப் ஏறினார். பனை விதை முதலில் கீழேதான் போகும், மண்ணுக்கு அடியில் குருத்தை வைத்துக்கொண்டுதான் மேலே இலையை அனுப்பும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை.

சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு, நாற்றெல்லாம் குளிரில் பட்டுப்போயின என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார். அப்படி எழுதிவிட்டால் கள்ளு மரப் பேச்சே மேலே போகாது, அவர் தப்பிப்பார். பாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை.

"செத்துதுன்னு எழுதாத தம்பி. வெட்டுனாங்கன்னு எழுது. அதுங்க சாவல."

உத்தரவின்படி அறுக்கப்பட்டன, குளிரால் ஒன்றும் சாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே பாயை வேலையை விட்டு அனுப்பினார்கள். புளிமூட்டை ஏற்றிய ஜீப்பில், மூட்டைமேல் நேராக உட்கார்ந்து இறங்கிப் போனார். என்னிடமிருந்து பேனாவைப் பிடுங்கித் தண்ணீர் சுமக்கும் வேலைக்குப் போட்டார்கள்.

சித்திரை மழைக்குப் பிறகு அறுத்த பாத்திகளில் மறுபடி இலை வந்ததும் பாய்க்குக் கார்டு போட்டேன். பதில் கார்டில் ஒரே வரி: எனக்குத் தெரியும். அதற்குள் சூப்பிரண்டும் மாற்றலாகிப் போயிருந்தார். பங்களாவுக்குப் பின்னால் அவை இன்றும் நிற்கின்றன, பரீட்சை முடிந்ததும் அழைத்துப் போகிறேன். புத்தகத்தையும் எடுத்து வாருங்கள்.

ஆனால் பாய் போன மறுநாள் காலை எனக்கு இதெல்லாம் தெரியாது. குருத்து கீழே உயிரோடு இருக்கிறதா, அரிவாள் பட்டுவிட்டதா, யாருக்குத் தெரியும்? அந்தப் பாத்திக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று உத்தரவு வேறு. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. ஓடைக்குப் போய்க் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன். மூன்று பாத்திக்கும், எதுவும் பிரிக்காமல், வெறும் மண்ணுக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றினேன்.