குழி தேடிப் போன கார்

"வாய்ஸ் ஆன்ல வைக்கவா, ஆஃப்ல வைக்கவா மேடம்?" என்று காருக்குள் கேமரா பொருத்த வந்தவர் கேட்டதும், பதில் சொல்ல அண்ணி வாயைத் திறந்ததும், அதற்குள் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியதும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்ற அந்தப் புது கார் அண்ணியின் பெயரில் இருந்தது. கோலார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. பதில் சொன்னதோ அண்ணன். "எல்லாத்தையும் ஹைல வைப்பா. வாய்ஸ் ஆன், உள் கேமராவும் ஆன். அரைகுறையா வெச்சா இன்னாத்துக்கு ஆவும்?" சென்சாரை ஹையில் வைத்தால் சின்னக் குலுக்கலையும் விபத்து என்று நினைத்து அந்த வீடியோவைப் பூட்டிவிடும், பூட்டியது தானாக அழியாது, கார்டு சீக்கிரம் நிறைந்துவிடும் என்று பொருத்த வந்தவர் சொல்லிப் பார்த்தார். பூட்டுவது நல்லதுதானே என்றார் அண்ணன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. வாரமெல்லாம் பெங்களூரில் வேலை, சனிக்கிழமை ரயிலில் வருவார், எல்லோருக்கும் பன் வாங்கி வருவார். ஆனால் அண்ணியின் தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவளோடு யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. அந்தத் தங்கை எங்கேயோ கண்காணாத ஊரில் இல்லை. நாங்கள் தினமும் கடந்துபோகும் பங்காருபேட்டையில், மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில்தான் குடியிருந்தாள். அப்போது முழுகாமல் வேறு இருந்தாள். பக்கத்தில் பெரியவர்கள் என்று ஒருத்தரும் கிடையாது.

எங்கள் வீட்டில் இந்தச் சுவரோரம் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டில் நூறாயுசு என்பார்கள். அங்கே போனில் ரகசியம் பேச முடியாது. கார் வந்த பிறகுதான் அண்ணிக்கு ஒரு கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் கிடைத்தது. கோலாரில் ஜவுளிக்கடையில் எனக்கு வேலை என்பதால் நானும் கூடவே போவேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "சாப்டியா பாப்பா? கால் வீங்குதா? மாத்திரை போட்டியா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். அந்தச் சந்து வரும்போது மட்டும் வேகத்தைக் குறைப்பார். உள்ளே திரும்பிப் போகும் துணிச்சல் அண்ணிக்கு வரவில்லை.

கேமரா வந்தபின் அந்த இடமும் போயிற்று. கண்ணாடிக்குக் கீழே, பதிவாகிறது என்று காட்டும் சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டிருக்கும். அண்ணியின் மடியில் போன் அடித்து அடித்து ஓயும். வாய்ஸை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேள்வி வரும். எனக்கே மூச்சு முட்டியது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்! என் கூடப்பிறந்தவர் மேல் எனக்கு வந்த கோபத்தைக்கூட அந்தக் காருக்குள் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

முதல் வார ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். எல்லாம் குழி. ஆண்டர்சன்பேட்டைக் குழி, ரயில்வே கேட் குழி, பெயரில்லாத குழிகள். ஒவ்வொன்றிலும் நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டு துள்ளி விழுந்தோம். புதன்கிழமையோடு கார்டு நிறைந்து பதிவு நின்றுபோயிருந்தது. அண்ணன் ரோடு போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, "சென்சாரைக் குறைச்சிடலாமா?" என்றார்.

"வேணாங்க. யாராவது நெசமாவே இடிச்சிட்டா? ஹையிலேயே இருக்கட்டும்" என்றார் அண்ணி, தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டே.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் பெண்டாட்டிக்கு எவ்வளவு முன்யோசனை என்று அம்மாவிடம் சொன்னார். வாராவாரம் தானே கார்டைக் காலி செய்து தருவதாகவும் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பார்த்துப் பார்த்து ஓட்டும் அண்ணி திங்கட்கிழமை ஒரு குழியைக்கூட விடவில்லை. வலதுபக்கம் நல்ல ரோடு இருக்க, இடதுபக்கம் ஒடித்து இறக்கினார். என் தலை மேலே இடித்தது. "இன்னா அண்ணி இது!" என்றேன். அண்ணி அடுத்த குழியைப் பார்த்துத் திருப்பினார், உதட்டோரம் லேசாகத் துடித்தது. செவ்வாய் மாலையே கார்டு நிறைந்து கேமரா கீச்சிட்டுப் பதிவை நிறுத்த, அண்ணி போனை எடுத்தார். அதன்பின் எல்லா வாரமும் அப்படித்தான். இடுப்பு வலியோடு நானும் அந்தக் குழிகளை வாழ்த்தினேன்.

பிறகு புது ரோடு போட்டார்கள். ஊரே கொண்டாடியது. பஸ்காரர்கள்கூடச் சிரித்த முகமாக ஓட்டினார்கள். அண்ணி மட்டும் அந்தக் கறுப்பு வழவழப்பைப் பார்த்துக் கண்கலங்கியதை நான் பார்த்தேன். திங்கள் போயிற்று, வெள்ளியும் வந்துவிட்டது, சிவப்புப் பொட்டு நிற்கவே இல்லை. தங்கைக்கோ அது நிறைமாதம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பங்காருபேட்டையை நெருங்கும்போது போன் அடித்தது. ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அண்ணி காரை ஓரம் கட்டினார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் அழுகை.

"வலி எடுத்துக்கிச்சா பாப்பா? பயப்படாதே, இதோ வந்துட்டேன்."

பிறகு கேமராவை நேராகப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணனை அவர் அப்படி நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை.

"ஞாயித்துக்கெழமை பார்ப்பீங்க இல்ல, நல்லா கேட்டுக்குங்க. என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, இண்டிகேட்டர் போட்டு, சந்துக்குள் வண்டியைத் திருப்பினார்.