எனக்கு இரண்டு மாதம், அவனுக்குப் பத்து மாதம்

எங்களிடம் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. எங்களிடம் என்றால் எனக்கும் என் நண்பனுக்கும். பிரிட்டனைச் சேர்ந்த நான்கு பேர் போட்ட ராக் இசைத்தட்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே கைப்பேசியில் தேடுவீர்கள். ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்றரை போட்டு, தூக்கம் வருகிறது என்று எவனோ எழுதி வைத்திருப்பதுதான் முதலில் வந்து நிற்கும். அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது என்றாலும் இன்னும் கோபம் வருகிறது.

நாங்கள் இருவரும் அலோர் காஜா பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். என் வீட்டில் எல்லோருக்கும் பால்வெட்டு. அவன் அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். எங்கள் வீட்டுச் சுவரில் முருகன், அவன் வீட்டுச் சுவரில் மாதா. அதைத் தவிர இரண்டு வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வளர்ந்ததும் அவன் ஒயரிங் வேலைக்குப் போனான். நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் சேர்ந்தேன்.

கேசட் வந்து எல்லா வீட்டையும் பிடித்துக்கொண்ட காலம் அது. அலோர் காஜாவில் ஒரு கடைக்காரர் தன்னிடமிருந்த இசைத்தட்டுகளைப் பெட்டியோடு வெளியே வைத்து வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு தமிழ்ப்படத்தின் பாட்டுத்தட்டைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். அவனும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் பாதிப்பாதி போட்டு வாங்கினோம். அவன் வீட்டில்தான் பிளேயர் இருந்தது. அங்கே போய் அட்டையைத் திறந்தால் உள்ளே வேறு தட்டு. வெளியே கதாநாயகி கண்ணைச் சிமிட்டுகிறாள், உள்ளே நான்கு வெள்ளைக்காரர்கள்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்குத் திரும்ப ஓடினோம். கடைக்காரர் அசைந்து கொடுக்கவில்லை.

“வித்தது வித்ததுதான் தம்பி. அதுவும் பாட்டுதானே லா. கேட்டுப் பாருங்க.”

கடுப்போடு வந்து கேட்டோம். முதல் பாட்டில் வெகுநேரம் பேஸ் கித்தார் மட்டும் ஒலித்தது. வேறு ஒன்றும் இல்லை. அவன் ஒயர்மேன் அல்லவா, ஸ்பீக்கர் ஒயர் விட்டுப் போயிருக்கிறது என்று எழுந்து போய்க் குடைந்துகொண்டிருந்தான். அப்போது டிரம்ஸ் வந்து சேர்ந்தது. அதன்பிறகு அந்தக் குரல். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரி ஒரு குரல். அவன் ஒயரைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முதல் பக்கம் முடிந்ததும் நான் எழுந்து அதைத் திருப்பிப் போட்டேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். விடியும்போது மழை பெய்தால் அன்றைக்குப் பால்வெட்டு இல்லை. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அம்மா சாவகாசமாகத் தேநீர் கலக்குவாள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் சம்பளம் போயிற்றே என்று பெரியவர்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதி சந்தோஷம், பாதி கவலை. இந்த இசைத்தட்டு முழுக்க அந்த மழைக்காலைதான். எங்கோ குளிர்ந்த ஊரில் இருந்த நான்கு பேருக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் ஆலையை மூடிய நாளைப் பற்றி ஒரு பாட்டு. எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்து, பிறகு செம்பனையையும் வெட்டி நிலத்தை வீட்டு மனைக்கு விற்றபோது, என் ஸ்டோர் ஆங்கிலத்துக்கு அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் புரிந்தது. கடைசிப் பாட்டில் ஆர்கன் ஓய்ந்த பிறகு யாரோ ஒருவன் இருமுவான். அதை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த இருமலுக்காகவே அந்தப் பாட்டை நான் கேட்பேன்.

தட்டு வாங்கிய அடுத்த வாரமே நானும் ஒரு பழைய பிளேயர் வாங்கினேன். அப்போதுதான் தட்டு யாரிடம் இருப்பது என்ற பிரச்சினை வந்தது. அந்த வருடத் தீபாவளிக்கு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பலகாரத் தட்டுக்குப் பதிலாக இசைத்தட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

“கிறிஸ்மஸுக்கு நீ வருவல்ல, அப்ப கொண்டாந்து குடு. மறுபடி தீபாவளிக்கு நான் கொண்டாறேன். மாறி மாறி வெச்சுக்கலாம். ஓக்கேவா?”

எனக்கு ஒரே சந்தோஷம். ஓக்கே என்று கையடித்துவிட்டேன். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் நடுவில் இரண்டு மாதம், கிறிஸ்மஸுக்கும் அடுத்த தீபாவளிக்கும் நடுவில் பத்து மாதம் என்பது அவன் போய் மூன்றாம் நாள் மண்டையில் உறைத்தது. அவனுக்கு அது கையடிக்கும்போதே தெரியும் என்பது என் சந்தேகம். இல்லவே இல்லை என்று மாதாமேல் சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியத்தையும் நான் நம்பவில்லை.

கையடித்த பிறகு மாற்றக் கூடாது என்பது அவன் கட்சி. வருடா வருடம் சண்டை போடுவேன்.

“உங்க தீபாவளிய மார்ச்ல வெச்சுக்க, நான் வேணாம்னா சொல்றேன்?” என்பான்.

புது நாள்காட்டி வந்ததும் மற்றவர்கள் பொது விடுமுறையைப் பார்ப்பார்கள். நான் தீபாவளித் தேதியைப் பார்ப்பேன். அக்டோபரில் வந்தால் நிம்மதி. நவம்பர் பாதியில் வந்தால் ஒன்றரை மாதம்கூடத் தேறாது, பஞ்சாங்கம் எழுதியவர் மேலேயே எனக்கு வயிற்றெரிச்சல் வந்துவிடும். என் மனைவி அந்தத் தட்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறாள். தீபாவளிக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, வீட்டில் யாரையும் டிவி பார்க்க விடாமல், கிறிஸ்மஸ் வரைக்கும் நகர்வதில்லையாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த முதல் நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதைக் கேட்டதே இல்லை. தட்டு கைமாறும் இரண்டு நாளும் வீடு நிறைய ஆள் இருக்கும். தாமான் குடியிருப்பில் உள்ள மலாய்க்காரர்களும் சீனர்களும் வருவார்கள், பிள்ளைகள் ஓடும். வாசலிலேயே வாங்கி, பீரோவில் வைத்துவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்கப் போய்விடுவோம். அப்புறம் போனில்தான் பேச்செல்லாம். ஆலைப் பாட்டுதான் உயர்ந்தது என்று நானும், முதல் பாட்டை எதுவும் மிஞ்ச முடியாது என்று அவனும் கத்திக்கொண்டிருப்போம்.

சில வருடம் முன்பு என் மகள், “அப்பா, இது போன்லயே இருக்குப்பா, எப்ப வேணும்னாலும் கேக்கலாம்,” என்று போட்டுக் காட்டினாள். ஒன்றரை நட்சத்திரத்தையும் அவள்தான் காட்டினாள். அந்தக் குழுவின் முந்தைய தட்டுகளில் சத்தமும் வேகமும் அதிகமாம், இது அடங்கி ஒலித்ததால் ரசிகர்களுக்குப் பிடிக்காமல் போயிற்றாம், அதோடு குழுவும் கலைந்துவிட்டதாம். கலையட்டும். மழைக்காலையைக் கேட்டுவிட்டுத் தூக்கம் வருகிறது என்று எழுதியவன் ஒரு நாளாவது விடியலில் எழுந்து வேலைக்குப் போயிருப்பானா? போனில் கடைசிப் பாட்டைக் கேட்டேன். சுத்தம் செய்கிறேன் என்று இருமலைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். போனை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன தீபாவளிக்கும் அவன் வந்தான். தட்டைக் கொடுத்தான், இரண்டு முறை இட்லியும் கோழிக்கறியும் வாங்கிச் சாப்பிட்டான், என்னை வம்புக்கு இழுத்தான், போனான். டிசம்பர் தொடக்கத்தில், கிளேபாங்கில் அவன் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்குக் கட்ட ஒயரை எடுத்தபோது வலது கை சொன்னபடி கேட்கவில்லை. ஏணியில் ஏறியிருக்கவில்லை, அதுவரை நல்லது. ஸ்ட்ரோக். கிறிஸ்மஸ் அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போனேன். வார்டுக்குள் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு போக முடியுமா? அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எங்கள் இருவரில் வாயாடி அவன்தான்.

அதனால் தட்டு என்னிடமே தங்கிவிட்டது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லாம் என் வீட்டிலேயே. இத்தனை வருடம் நான் அழுது புலம்பிக் கேட்ட பத்து மாதம் தானாக வந்துவிட்டது. ஏப்ரலில் ஒரு நாள் விடிகாலையில் நல்ல மழை. எடுத்துப் போட்டேன். பேஸ் கித்தார் தொடங்கியதும் ஊசியைத் தூக்கிவிட்டேன். அது அவனுடைய மாதம், அவனுடைய மழை.

உண்மையைச் சொல்கிறேன், பயந்துபோனேன். ஒரு பொருளில் பாதி என்னுடையது என்றால் மற்றப் பாதிக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் போய்விட்டால் முழுத்தட்டும் எனக்கு வந்துவிடும். எனக்கு முழுத்தட்டு வேண்டாம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கே இருப்பதைப் பார்த்து, யாரோ என்னிடம் எதையோ ஒப்படைத்துவிட்டுப் போகப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது.

“கொண்டுபோயி குடுத்துட்டு வாங்க,” என்றாள் மனைவி. “வெச்சுக்கிட்டும் மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மாதா கோயில் பூசை முடிந்து வந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள்.

“வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா?”

அவன் கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. பேச்சு வந்துகொண்டிருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. நான் தட்டை நீட்டினேன்.

“இந்தாடா. லேட்டாயிருச்சு. வெச்சுக்க.”

அவன் அட்டையில் கண் சிமிட்டும் கதாநாயகியைப் பார்த்தான். இடது கையால் அதை என் பக்கமே தள்ளிவிட்டான்.

இனி எனக்கு எதற்கு என்கிறானா? அவன் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தாடையால் மூலையில் இருந்த பிளேயரைக் காட்டினான். டிசம்பரில் போட்ட துணி அப்படியே அதன்மேல் கிடந்தது. துணியை எடுத்துவிட்டுத் தட்டைப் போட்டேன்.

அப்போதுதான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். நான் பாட்டோடு பேசுகிறவன். “இப்ப வரும் பாரு”, “இந்த எடத்தக் கேளு” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், என் வீட்டில் பழகிவிட்டார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்கூட சத்தமில்லாமல் விட்டுக் கேட்கிறவன். இத்தனை வருடம் ஒரே தட்டைப் பங்கு போட்டிருக்கிறோம், இது எனக்குத் தெரியாது. ஆலைப் பாட்டு வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

“இந்த வரியக் கேளுடா, இதுக்கு மேல எவன்டா எழுத முடியும், ஒன் மொத பாட்டுல இது இருக்கா...”

“வாய மூடு லா,” என்றான்.

இழுக்காமல், தடுக்காமல், தெளிவாக. அடுப்படியிலிருந்து அவன் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். இத்தனை மாதத்தில் அவன் இவ்வளவு சுத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லையாம். “இன்னொரு தடவ சொல்லுங்க, இன்னொரு தடவ,” என்றாள். அவன் அவளையும் முறைத்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது அல்லவா.

இரண்டு பக்கமும் முடிந்தது. நான் தட்டை அட்டைக்குள் போட்டுப் பிளேயர் மேலேயே வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

“டேய். எடுத்துட்டு... போ.”

“இது போன கிறிஸ்மஸுக்கே ஒன்கிட்ட வந்திருக்க வேண்டியதுடா. ஒன் பங்கு. வெச்சுக்க.”

அவன் தலையை ஆட்டினான். வாயைக் கோணிக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடினான். அவன் மனைவி உதவிக்கு வந்தாள், கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

“வர்ற கிறிஸ்மஸ். நீ... கொண்டா.”

“தீபாவளி?” என்றேன்.

“வரேன். சாப்பிட.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “கையடிச்சோம்ல. மாத்தக் கூடாது.”

கிறிஸ்மஸில்தான் தட்டு அவன் கைக்கு வர வேண்டும், நடுவில் கூடாது என்கிறான். நான் உள்ளே திரும்பிப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டேன். டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் இல்லை. ஆனால் கிறிஸ்மஸுக்குக் கொண்டுவா என்கிறவன் கிறிஸ்மஸுக்கு வீட்டில் இருக்கப் போகிறவன். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவன் முன்னாலும் அவன் மனைவி முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என் தோளைத் தொட்டு ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நாற்காலியிலிருந்து அவன் இடது கையை நீட்டி என் நெஞ்சைக் காட்டினான்.

“அட்ட... நனையுது லா.”