கிளைவ் போட்ட கோல்

இங்கிலாந்தில், பார்ன்ஸ்லி ஊர்ப் பள்ளியில், உயிரியல் வாத்தியார் கிளைவ் ஹெப்பிள்த்வைட்டைத் தெரியாத பிள்ளை கிடையாது. ஒளிச்சேர்க்கை என்றால் நீர்ச்செடியை விளக்குக்கு முன்னால் வைத்து, கிளம்புகிற குமிழிகளை எண்ணச் சொல்வார். தட்டம்மை பரவுவதைக் காட்ட மேசை மேசையாகப் போய்ப் பொய்த்தும்மல் போடுவார். ஆனால் மருந்துச் சோதனைப் பாடம் வந்தால்தான் மனுஷனுக்குச் சாமி வந்துவிடும்.

"பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. எது யாருக்குன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஏன்? மனசு இருக்கே, அது பெரிய புளுகன்!"

அவருடைய வலது முழங்கால் பல வருஷமாக நொறநொறவென்று தேய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்குப் புது மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ச் சேர்ந்தார். சில வாரத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். அத்தோடு விட்டாரா? ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நடக்கிற வருஷாந்தரப் பந்தாட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வகுப்பில் முட்டியைத் தட்டித் தட்டிப் பெருமையடித்தார்.

கடைசி மேசை லோட்டி, வாயே திறக்காதவள், அன்றைக்குக் கை தூக்கினாள்.

"சார், உங்களுக்கு வந்தது போலி மாத்திரையா இருந்தா?"

நல்ல வாத்தியார் கொண்டாட வேண்டிய கேள்வி. இவருக்கோ சுருக்கென்றது.

"ஏம்மா, என் முட்டி எனக்குத் தெரியுமா உனக்குத் தெரியுமா? போன பரீட்சையில கோட்டை விட்டவ எனக்குப் பாடம் நடத்துறியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. லோட்டி கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கை எழவே இல்லை. கிளைவ் அதைக் கவனிக்கவும் இல்லை. பந்தாட்டத்தில் ஒரு கோல் போட்ட குஷியில் இருந்தார்.

மருந்துச் சோதனை முடிந்ததும் ஆஸ்பத்திரி நர்ஸ் பிரிஜெட் போன் செய்தாள். கிளைவ் ஆசிரியர் அறையில் தேநீரும் கையுமாக இருந்தார்.

"கிளைவ் கண்ணு, எந்த மாத்திரைன்னு கேட்டிருந்தீங்களே. உங்களுக்குக் கொடுத்தது போலி மாத்திரைதான்."

"இருக்காதும்மா! நான் கோல் போட்டேனே!"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நீங்க இதைப் பாடமே எடுக்கிறவராச்சே!"

ஊருக்குத்தான் உபதேசம். படியிறங்கும்போது முட்டி பழையபடி குத்தியது. அதைவிட, ஸ்வெட்டருக்குள் ஒளிந்த அந்தக் கை நினைவுக்கு வந்து குத்தியது. ஒரு குழந்தையை, அதுவும் சரியாகக் கேட்டதற்காக, நாலு பேர் பார்த்துச் சிரிக்க வைத்தோமே என்று கூசிப்போனார். யாருக்கும் தெரியப்போவதில்லை, பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கப்பட்டார்.

அடுத்த ஆய்வக வகுப்பில் கேட்டார்: "போலி மாத்திரை எதுக்குக் கொடுக்கறோம்?"

ஒரு கையும் எழவில்லை. லோட்டி குனிந்தே இருந்தாள்.

"எனக்கு வந்தது போலி மாத்திரையான்னு லோட்டி அன்னைக்கே கேட்டா. நான் அவளை அவமானப்படுத்தினேன். எனக்கு வந்தது போலி மாத்திரைதான். அவ கேட்டதுதான் சரி. மன்னிச்சிரும்மா."

"அப்ப அந்தக் கோல் செல்லாது சார்!" என்று ஒருவன் கத்த, வகுப்பே உருண்டு சிரித்தது. லோட்டி மட்டும் சிரிக்கவில்லை.

"இப்ப வலிக்குதா சார்?"

"வலிக்குதும்மா."

அவள் எழுந்து தன் முக்காலியைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் போட்டாள். "உக்காருங்க சார்."

அந்த ஆய்வகத்தில் முக்காலிகள் எப்போதும் பற்றாக்குறை. கிளைவ் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி அடிக்கும்வரை லோட்டி நின்றுகொண்டே எழுதினாள்.