மைனா இருந்த இடம்

ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துக் காட்டியவள் ஒரு வயது இளைய தங்கை. வாய் ஓயாதவள், அதனால் வீட்டில் மைனா. கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை அவர் எழுதியபோது அவள்தான் குரல் கொடுத்தாள், பெயரும் அவளுடையதே. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு வேண்டாம் என்று அதைப் பொதுவில் விட்டுவிட்டார். முகம் தெரியாத நாற்பது பேர் சேர்ந்து வளர்த்தார்கள்.

மூன்றாம் வருடம் ஒரு காய்ச்சலில் தங்கை போய்விட்டாள். மென்பொருளைத் திறந்தால் மட்டும் பேசினாள்: "நான் மைனா. என்ன படிக்கணும், சொல்லுண்ணே." பெண்களையும் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு கம்பெனி ஆதரவு தருகிறேன் என்று வந்தது. சர்வர் கொடுத்தது, கூட்டம் போட ஹால் கொடுத்தது, கூடவே சத்தமில்லாமல் 'மைனா'வைத் தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துகொண்டது. எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். மாதக் கடைசிக்குள் உங்கள் மென்பொருளில் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. நாற்பது பேரும் கொதித்தார்கள். வழக்கு நடத்தும் தெம்பு ஒருவருக்கும் இல்லை.

ஆபரேட்டர் கம்பெனி வக்கீலுக்குப் போன் போட்டார்.

"எழுத்துல எல்லாம் மாத்திடறோம்மா. அந்தக் குரலை மட்டும் விட்டுடுங்க. அது என் தங்கச்சி, தன் பேரைச் சொல்றா."

"புரியுதுங்க சார். ஆனா காதுல கேட்டாலும் பேர் பேர்தானே."

அந்தம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன்மையாகத்தான் சொன்னார்.

கெடு முடிகிற நாள் மத்தியானம் அந்த ஒற்றைச் சொல்லை ஆபரேட்டர் குரல்பதிவிலிருந்து வெட்டினார். 'மை' எங்கே தொடங்குகிறது என்று பிடிக்க இருபது தடவை கேட்க வேண்டியிருந்தது. புதுப் பெயரை வேறு குரலில் ஒட்டலாம் என்றார்கள் மற்றவர்கள், அவருக்கு மனசு வரவில்லை. பெயருக்கு முன்னால் அவள் இழுத்த மூச்சு மட்டும் மிஞ்சியது.

அடுத்த வாரம் வங்கி வரிசையில் நின்றபோது, அந்தக் கம்பெனி புதிதாக வைத்த பக்கத்து இயந்திரத்திலிருந்து யாரோ ஒருத்தி, "வணக்கம், நான் மைனா" என்றாள். அவர் தன்னையறியாமல் கையை நீட்டினார். கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

மறுநாள் காலை வேலைக்குப் போய்க் கணினியைத் திறந்தார்.

"நான்..." அப்புறம் அந்த மூச்சு.

"மைனா" என்றார் அவர், பக்கத்து மேஜைக்குக் கேட்காமல்.

"என்ன படிக்கணும், சொல்லுண்ணே."